முன்னே நடந்தவர் தடம்

தா.பழூரிலிருந்து தெற்கே சென்று, மதனத்தூரில் கொள்ளிடத்தின் வடகரையில் நின்று பார்த்தால் இன்று ஒரு நீண்ட பாலம் கண்ணில் படுகிறது. மறுகரையில் நீலத்தநல்லூர், அதற்கப்பால் கும்பகோணம். பேருந்தில் அமர்ந்தபடியே சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்துவிடுகிறோம். கீழே நீர் ஓடுகிறதா, மணல் கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் அரிது. பாலம் எழுவதற்கு முன்பு நிலைமை வேறு. வெள்ளக் காலத்தில் பரிசலும் படகும் வேண்டும். இல்லையேல் கீழணை வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். நீர் வடிந்த காலத்தில் மணலில் இறங்கி நடக்க வேண்டும்.

அந்த மணல் நடையைச் சிறுவயதில் நாம் கண்டிருக்கிறோம். வெள்ளம் வடிந்து ஆறு வெளுத்துக் கிடக்கும்போது எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக்கூடாது என்பது யாருக்கும் தெரியாது. மேலே காய்ந்திருக்கும் மணல் கீழே சேறாக இருக்கும்; சென்ற ஆண்டு முழங்கால் ஆழமாக இருந்த ஓடை இவ்வாண்டு இடுப்பளவு ஆகியிருக்கும். யாரோ ஒருவர் கையில் கழியோடு இறங்குவார். ஊன்றிப் பார்த்து ஊன்றிப் பார்த்து, வளைந்தும் திரும்பியும் மறுகரை சேர்வார். ஆழம் குறைந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவார். அடுத்த நாள் அவர் அடிச்சுவட்டில் நான்கு பேர். அதற்கடுத்த நாள் நாற்பது பேர். தை, மாசி மாதங்களுக்குள் காய்கறிக் கூடைகளைச் சுமந்த பெண்களும், கும்பகோணத்து மருத்துவமனைக்கு நோயாளியைக் கட்டிலில் தூக்கிச் செல்வோரும், குழந்தையைத் தோளில் ஏற்றிய தந்தையரும் நடந்து நடந்து, வெண்மணல் வெளியில் ஒரு சாம்பல் நிறக் கோடு விழுந்துவிடும். அதுதான் வழி.

அடுத்த வெள்ளத்தில் அந்தக் கோடு அழிந்துபோகும். நீர் வடிந்ததும் மறுபடியும் யாரோ ஒருவர் கழியோடு இறங்குவார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவரிடம் வழி கேட்டவரும் இல்லை. அவருக்கு நன்றி சொன்னவரும் இல்லை. ஆனால் அவர் நடந்ததனால்தான் நாம் நடந்தோம். இந்தச் சிறு உண்மையிலிருந்து பெரிய கேள்வி ஒன்று எழுகிறது. நமக்கு முன்னே நடந்தவருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? கடன்பட்டிருந்தால் அதை யாரிடம் தீர்ப்பது? அவர் போய்விட்டார், அவர் தடமும் போய்விட்டது.

இந்தக் கேள்வியை நம் உள்ளத்தில் கூர்மையாக்கிவிட்டது ஒரு சந்திப்பு. ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்கு நம் பகுதியிலிருந்து மக்கள் நடந்து செல்வதை வாசகர்கள் அறிவர். ஆகஸ்டு 29இல் கொடி ஏறி, செப்டம்பர் 8இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் அந்த நாட்களில், காவி உடுத்திய கூட்டங்கள் செபமாலை சொல்லிக்கொண்டே சாலையோரமாக நடக்கும். வரதராசன்பேட்டை, தென்னூர், ஏலாக்குறிச்சி எனக் கத்தோலிக்க மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் நிறைந்த மாவட்டம் இது. அத்தகைய ஒரு நடையில் நம்மோடு ஒரு குடும்பம் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து நார்வே நாட்டுக்குக் குடிபெயர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் நேர்த்திக்கடன் செலுத்த வந்த குடும்பம். பின்னிரவில், விளக்கில்லாத சாலையில், முன்னே செல்பவரின் கைவிளக்கையும் காலடியையும் பார்த்து வரிசையாக நாம் நடந்துகொண்டிருந்தபோது, அக்குடும்பத் தலைவர் மெல்லச் சொன்னார்:

“எங்கட பிள்ளையள் அங்க பனிக்குள்ள இப்பிடித்தான் வரிசையாப் போவினம். முன்னுக்குப் போறவர் தடம் போட்டுக் குடுத்தாத்தான் பின்னுக்கு வாறவைக்குச் சுகம்.”

அவர் விளக்க விளக்க, நாம் ஒருபோதும் காணாத ஒரு நிலம் நம் கண்முன் விரிந்தது. நார்வே நாட்டின் மலையூர்களைச் சுற்றிக் குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தடங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. திரைப்படங்களில் நாம் பார்ப்பது போல மலையுச்சியிலிருந்து பாய்ந்து இறங்கும் சறுக்கு அன்று இது. நீண்டு மெலிந்த இரு கட்டைகளைக் காலில் பூட்டி, இரு கைகளிலும் கோல் ஊன்றி, காட்டினூடேயும் உறைந்த ஏரியின் மீதும் மேட்டிலும் பள்ளத்திலும் நெடுந்தொலைவு செல்லும் நடை. அந்நாட்டுக் குழந்தைகள் நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே இதையும் பழகிவிடுகிறார்கள். அவர்களோடு நம் தமிழ்க் குழந்தைகளும் பழகுகிறார்கள்.

இது பயனற்ற விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், போலந்து நாட்டில் குருவாகவும் பேராயராகவும் இருந்த காலத்தில், சக்கோபானே என்ற மலையூரைச் சுற்றியுள்ள தாத்ரா மலைகளில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு சென்றவர்; திருத்தந்தை ஆன பின்பும் 1984 ஜூலையில் இத்தாலியின் அடமெல்லோ மலையில் சறுக்கிச் சென்றவர். அவரை இக்கட்டுரையில் மீண்டும் சந்திப்போம்.

புதிதாகப் பெய்த பனியில் தடமின்றி நடப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொள்ளிடத்து மணலில் நடந்தவர் உணர்வர். ஒவ்வோர் அடிக்கும் கால் புதையும். புதைந்த காலை உயர்த்தி முன்வைக்க வேண்டும். முதலில் செல்பவர் பனியை மிதித்து அமுக்கிச் செல்கிறார். இரண்டாமவருக்குச் சுமை பாதியாகிறது. ஐந்தாமவர் ஏறத்தாழ வழுக்கியே சென்றுவிடுகிறார். ஆகவே குழுவாகச் செல்வோர் முன்னே செல்லும் பொறுப்பை மாற்றி மாற்றி ஏற்கின்றனர். முன்னவர் களைத்ததும் ஒதுங்கி நின்று, மற்றவர் அனைவரும் கடந்த பின் கடைசியில் சேர்ந்துகொள்கிறார். எப்போதும் ஒருவரே முன்னே செல்வதும் இல்லை. எப்போதும் ஒருவரே பின்னே வருவதும் இல்லை.

ஊரைச் சுற்றியுள்ள வழக்கமான தடங்களை இன்று இயந்திரங்கள் அமைக்கின்றன. பனியை அமுக்கி, அதில் இணையான இரு பள்ளக் கோடுகளை அவை செதுக்கிச் செல்லும். இரவு பனி பெய்தால் காலையில் கோடு மறைந்திருக்கும். மறுபடியும் செதுக்க வேண்டும். இவ்வேலையில் பெரும்பகுதியை உள்ளூர் மன்றங்களும், ஊதியம் பெறாத தொண்டர்களும், உறுப்பினர் தரும் சந்தாவும் தாங்குகின்றன. ஆஸ்லோ நகரில் 1883இல் தொடங்கப்பட்ட பனிச்சறுக்கு மன்றம் ஒன்று அந்நகரைச் சூழ்ந்த காடுகளில் இன்றளவும் இப்பணியைச் செய்துவருகிறது. மன்றத்துக்குச் சந்தா கட்டியவர்தாம் தடத்தில் போகலாம் என்பதில்லை. வந்தவர் எல்லாரும் போகலாம். 1868இல் தோன்றிய மலைநடைச் சங்கம் இன்னொரு பணியைச் செய்கிறது. உயிர்ப்புப் பெருவிழா விடுமுறைக்கு முன்பு, மரமில்லாத உயர்ந்த மலைவெளிகளில் குச்சிகளை வரிசையாக நட்டுவைக்கிறது. பனிப்புயலில் கண் மறைக்கும்போது குச்சியிலிருந்து குச்சிக்கு நகர்ந்து பயணிகள் உயிர் தப்புகின்றனர்.

இதைக் கேட்டபோது கொள்ளிடத்தில் கழியோடு இறங்கிய அந்தப் பெயர் தெரியாத மனிதரே நம் நினைவுக்கு வந்தார். அவரும் குச்சி நட்டார். நிலம் வேறு, தட்பவெப்பம் வேறு, மொழி வேறு, செயல் ஒன்றே. மணலும் பனியும் தடத்தை நெடுநாள் தாங்குவதில்லை. கல்லில் செதுக்கிய வழி என்றால் ஒருமுறை செதுக்கினால் போதும். செதுக்கியவரை மறந்துவிட்டாலும் வழி இருக்கும். மணலிலும் பனியிலும் அப்படியன்று. ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் முதல் அடியை வைத்தாக வேண்டும். அன்பு, நேர்மை, விசுவாசம் ஆகியனவும் இத்தகைய நிலங்களே என்று தோன்றுகிறது. ஒரு தலைமுறை நடந்துவிட்டது என்பதனால் அடுத்த தலைமுறைக்கு அங்கே வழி தானாக இருந்துவிடுவதில்லை.

நார்வேயில் லில்லேஹாம்மர் என்றொரு மலையூர் உண்டு. மியோசா என்ற பெரிய ஏரியின் வடமுனையில் அமைந்தது. 1994இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஊர். அதைச் சுற்றியுள்ள தடங்களுள் ஒன்றுக்கு எண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1206ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிய நாட்களில், உள்நாட்டுப் போரில் சிக்கித் தவித்த அந்நாட்டின் அரச வாரிசான ஹோக்கோன் என்ற கைக்குழந்தையைப் பகைவரிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. இரு வீரர்கள் அக்குழந்தையைச் சுமந்து, பனிச்சறுக்குக் கட்டைகளில், கடும் புயலினூடே மலையைக் கடந்து கிழக்குப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அவர்கள் சார்ந்த கட்சியினருக்குப் ‘பிர்க்கெபைனர்’ என்று பெயர். காலணி வாங்க வகையின்றிக் காலில் பூர்ச்ச மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டவர்கள் என்று பகைவர் ஏளனமாக இட்ட பெயர் அது. அக்குழந்தை 1217இல் அரசனாகி, 1263 வரை ஆண்டு, நாட்டில் அமைதியை நிலைநாட்டியது.

இந்நிகழ்ச்சியின் நினைவாக 1932 முதல் ரேனா என்ற ஊரிலிருந்து லில்லேஹாம்மருக்கு 54 கிலோமீட்டர் நெடும் பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்று நடைபெறுகிறது. பங்கேற்போர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் ஒவ்வொருவரும் முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பையைச் சுமந்தாக வேண்டும் என்பது விதி. அந்தப் பை அக்குழந்தைக்கு ஈடானது. விரைந்து செல்வதற்கான பந்தயத்தில் சுமையைக் கட்டாயமாக்கிய அந்த விதியைப் பலமுறை எண்ணிப் பார்த்தோம். வெறுங்கையோடு விரைவதில் என்ன சிறப்பு? யாரைச் சுமந்து சென்றாய் என்பதுதான் அந்தத் தடத்தின் பொருள். குழந்தையை நீக்கிவிட்டால் அது வெறும் பனிக்கோடு.

பனியில் சுமக்கப்பட்ட குழந்தையைப் பற்றிக் கேட்கும் கத்தோலிக்க உள்ளத்துக்கு மணலில் சுமக்கப்பட்ட இன்னொரு குழந்தை நினைவுக்கு வராமல் இராது. ஏரோதுவின் வாளுக்குத் தப்பித் திருக்குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு நடந்த புனித சூசையப்பரை மத்தேயு நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. அவரையே காப்பியத் தலைவராக்கித் ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர், நம் கொள்ளிடத்து வடகரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவர். இத்தாலியிலிருந்து வந்த அம்முனிவர் நம் மொழியில் நடந்த தூரம் எவ்வளவு! அவருக்குமுன் நம் புலவர்கள் இட்ட தடத்தில் அவர் நடந்தார்; அகராதி தொகுத்தும் இலக்கணம் எழுதியும் உரைநடை வளர்த்தும் தாமும் தடம் இட்டார். பெறுவதும் தருவதும் அவரிடம் ஒரே நடையாக இருந்தன.

நம்மோடு நடந்த அந்த நார்வேக் குடும்பமும் ஒரு தடத்தில் சென்றதுதான். 1956ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் என்பவர் நார்வே சென்றடைந்தார். அந்நாட்டில் குடியேறிய முதல் தமிழர் என்று அவரைக் குறிப்பிடுவர். அங்கே மீன்பிடித் தொழிலின் நுட்பங்களைக் கற்ற அவர், அந்நாட்டு மக்களின் உதவியைத் திரட்டி, ‘சே-நோர்’ என்னும் நிறுவனத்தின் வழியாக யாழ்ப்பாணத்து மீனவர்க்குப் படகும் வலையும் செய்யும் தொழிலகங்கள் உருவாக வழிசெய்தார். அவர் துணையால் இளைஞர் சிலர் அந்நாடு சென்றனர். அவர்களைத் தொடர்ந்து மேலும் பலர் கல்விக்கும் பின்னர் அடைக்கலத்துக்கும் சென்றனர். வடகோடியிலுள்ள மீன் பதனிடும் ஆலைகளில் குளிரில் விரல் விறைக்க உழைத்தனர். இன்று அவர்கள் மக்களும் பேரர்களும் மருத்துவராகவும் பொறியாளராகவும் இருக்கின்றனர். ஆழப்பனியில் முதல் ஆள் மிதித்துச் சென்றதனால் ஐந்தாம் ஆள் வழுக்கிச் செல்கிறார்.

இந்த இடத்தில்தான் மனித உள்ளம் ஒரு தவறு செய்கிறது. வழுக்கிச் செல்பவருக்குத் தம் கால்வலிமையே தம்மைக் கொண்டு செல்கிறது என்று தோன்றுகிறது. “யார் உதவியும் இல்லாமல் என் உழைப்பால் முன்னேறினேன்” என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? உழைத்தோம் என்பது உண்மை. தடத்தில் செல்பவரும் வியர்க்கத்தான் செய்கிறார். ஆனால் தடம் இருந்தது என்பதும் உண்மை. நமக்கு முதல் எழுத்தைக் கற்பித்த பள்ளி, கிராமத்தில் ஓலைக் கொட்டகையில் தொடங்கியது. மண்ணெண்ணெய் விளக்கில் கண் எரிய நம்மைப் படிக்கவைத்த தாய் தமக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதவர். இவற்றை மறந்து பேசுவது பொய்யன்று என்று வேண்டுமானால் வாதிடலாம். முழு உண்மையும் அன்று.

சரி, கடன் என்று ஒப்புக்கொண்டோம். எப்படித் தீர்ப்பது? கடன் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுப்பது உலக வழக்கு. தடத்தின் கடனை அப்படித் தீர்க்க இயலாது. முன்னே சென்றவர் நம்மைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நம்மிடம் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. பின்னே வருபவரிடம்தான் அக்கடனைச் செலுத்த முடியும். பெற்றோருக்குப் பட்ட கடனைப் பிள்ளைகளிடம் தீர்ப்பது போல, ஆசிரியருக்குப் பட்ட கடனை மாணவரிடம் தீர்ப்பது போல. ஆகவே நன்றியுணர்வு என்பது பின்னோக்கி வணங்குவதோடு முடிவதில்லை. முன்னோர் படத்துக்கு மாலையிட்டுவிட்டு, பின்வருவோர் வழியை அடைத்து நிற்பவர் நன்றியுள்ளவர் ஆகமாட்டார்.

இங்கே ஒரு தடையை நியாயமாகவே எழுப்பலாம். “முன்னோர் நடந்த வழியிலேயே நடக்க வேண்டும் என்றால், முன்னோர் தவறான வழியில் நடந்திருந்தால் என்ன செய்வது? எல்லாத் தடங்களும் நல்ல தடங்களா?” இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு இக்கட்டுரையை இனிதே முடித்துவிடலாம். அது நேர்மையாகாது. ஏனெனில் நம் மண்ணில் பழைமையான தடங்கள் சில மிகவும் கொடியவை.

நாம் இளைஞராக இருந்தபோது கண்ட ஒரு காட்சியை இங்கே சொல்லியாக வேண்டும். ஊர்ப்பெயர் தேவையில்லை, அத்தகைய ஊர்கள் ஒன்றல்ல. ஐப்பசி அடைமழையில், ஊருக்குக் கிழக்கேயிருந்த தெருவில் ஒரு முதியவர் இறந்துபோனார். கிறிஸ்தவர், ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்தவர். அவர் உடலைத் தூக்கி வந்தவர்கள் பெரிய தெரு வழியாக வரவில்லை. வரப்பின்மேல், சேற்றில் கால் வழுக்க வழுக்க, பாடை ஒருபுறம் சாய, மறுபுறம் தாங்க, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்தனர். ‘அதுதான் அவர்கள் வழி; தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்’ என்றார்கள். நாம் பெரிய தெருவில் ஒரு திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றையும் நாம் அறிவோம். அந்தப் பெரிய தெருவுக்குக் கப்பி கொட்டிச் சாலை போட்டபோது, வெயிலில் கல்லுடைத்தவர்களுள் அம்முதியவரும் ஒருவர். தாம் அமைத்த வழியில் தம் இறுதிப் பயணத்தைச் செய்யவும் அவருக்கு உரிமை இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் அவருக்கு மூலையில் தனி இடம்.

அந்த வரப்பும் ஒரு தடம்தான். பல தலைமுறைகள் நடந்து பதிந்த தடம்தான். அதைப் பேணுவது முன்னோருக்குச் செய்யும் நன்றியா? ஒருக்காலும் ஆகாது. அப்படியானால் எந்தத் தடத்தை ஏற்பது, எந்தத் தடத்தை விடுப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கொள்ளிடத்து மணலும் நார்வேப் பனியும் அந்த அளவுகோலைத் தருகின்றன. கழியோடு முதலில் இறங்கியவர், தமக்குப் பின் வருபவர் எந்தக் குலம் என்று கேட்டுக் குச்சி நடவில்லை. புயலில் தவிப்பவர் யாராக இருந்தாலும் மலைமேல் நட்ட குச்சி வழிகாட்டுகிறது. பின்னே வரும் எவருக்கும் திறந்திருப்பதே உண்மையான தடம். யாரையோ வெளியே நிறுத்துவதற்காக வகுக்கப்பட்டது தடமன்று. அது படுத்துக் கிடக்கும் சுவர். சுவரை நம் தாத்தாவே கட்டியிருந்தாலும் அதை இடிப்பதுதான் அவர் ஆன்மாவுக்கு நாம் செய்யும் நன்மை.

வழியில் நடப்பதற்கே நம் நாட்டில் போராட வேண்டியிருந்தது. 1924-25இல் திருவிதாங்கூர் அரசிலிருந்த வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாரும் நடக்கலாம் என்ற எளிய உரிமைக்காக மக்கள் அறப்போர் நடத்தினர். தந்தை பெரியார் அங்கு சென்று சிறைப்பட்டார். நடப்பது என்ற செயலுக்கே சிறை! நார்வேயிலோ, பழைய வழக்கத்தை உறுதிசெய்து 1957இல் இயற்றப்பட்ட சட்டம், காட்டையும் மலையையும் தனியார் உடைமையாக இருந்தாலும் எவரும் கடந்து செல்லலாம் என்கிறது. பயிரிடும் நிலத்தில் கோடையில் கால் வைக்கக் கூடாது. ஆனால் குளிர்காலத்தில் அது உறைந்து பனி மூடிக் கிடக்கும்போது எவரும் சறுக்கிச் செல்லலாம். பயிருக்குத் தீங்கில்லாதபோது பயணியைத் தடுப்பானேன் என்பது அதன் நியாயம். அந்நாட்டவர் நம்மைவிடப் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. தங்கள் வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழியைப் பள்ளிகளில் ஒடுக்கிய தவறு அவர்களுக்கும் உண்டு. ஆயினும், வழி எல்லார்க்கும் பொது என்ற இந்த ஒரு பாடத்தை அவர்களிடம் கற்பதில் இழிவில்லை.

தாத்ரா மலைகளில் சறுக்கிச் சென்ற அதே திருத்தந்தை, 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமையில் தம்மைச் சந்தித்தபோது, கிறிஸ்தவரிடையே சாதி சார்ந்த முற்சார்பின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது, ஆன்மிக வாழ்வுக்கு ஊறு விளைவிப்பது என்று தெளிவாக எச்சரித்தார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையும் சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவமாகவே காண்கிறது. குச்சிகள் நடப்பட்டுவிட்டன. அவற்றைப் பின்பற்றி நடப்பது யார் வேலை? ஆயரின் வேலை மட்டுமா? பங்குக் குருவின் வேலை மட்டுமா? திண்ணையில் நின்று பார்த்த நமக்கு வேலை இல்லையா?

பனித்தடத்தில் செல்வோரிடையே ஒரு நல்ல பழக்கம் இருப்பதாக அந்த நார்வே நண்பர் கூறினார். சறுக்கும்போது விழாதவர் இல்லை. விழுந்தால் பனியில் உடல் பதிந்து ஒரு குழி உண்டாகும். எழுந்ததும் உடையைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. அந்தக் குழியைப் பனியால் நிரப்பி மிதித்துச் சமன்செய்துவிட்டே போக வேண்டும். இல்லையேல் பின்னே விரைந்து வருபவர் அக்குழியில் கட்டை சிக்கி விழுவார். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். இந்த ஒரு செய்தி அவற்றுக்கு விளக்கமாக அமைந்துவிட்டது. விழுவது மனித இயல்பு, எழுவது அருள். ஆனால் எழுந்தவர் தாம் உண்டாக்கிய குழியை நிரப்பாமல் செல்வாரானால், அவர் பெற்ற மன்னிப்பு அவரோடு நின்றுவிடுகிறது. குழி அடுத்தவருக்காகக் காத்திருக்கிறது. திண்ணையில் நின்ற நம் மௌனத்தை ஒப்புரவில் அறிக்கையிட்டோம். குழியை நிரப்பினோமா என்று கேட்டால், நெடுநாள் விடைசொல்ல முடியவில்லை.

பின்னர் ஒரு நாள், அதே ஊரில், அதே தெருவில் இன்னொரு மரணம் நிகழ்ந்தது. இறந்தவர் ஒரு மூதாட்டி. உறவினர் வழக்கம்போல் வரப்பை நோக்கித் திரும்பியபோது, பங்கைச் சேர்ந்த நாங்கள் சிலர் முன்னே சென்று பெரிய தெருவில் நின்றோம். “இப்படி வாருங்கள்” என்றோம். அவர்கள் தயங்கினர். எங்கள் வீட்டாரே எங்களை முறைத்தனர். நான்கைந்து வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்டன. அன்று கலவரம் எதுவும் நடக்கவில்லை. யாரும் எங்களைப் பாராட்டவும் இல்லை. பாடையின் முன்கழியை நம்முள் இருவர் தோளில் வாங்கிக்கொண்டனர். மூதாட்டியின் உடல் எவ்வளவு இலேசாக இருந்தது என்பது இன்றும் தோளில் நினைவிருக்கிறது. தெருவின் நீளம் இருநூறு அடி இருக்கலாம். ஆனால் கொள்ளிடத்தின் அகலத்தைக் கடந்தது போலிருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முதியவர் வரப்பில் சென்ற நாளுக்கும் இந்த நாளுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. இருநூறு அடி நடக்க நமக்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின. அதற்குப் பின் அத்தெருவில் சென்ற இறுதி ஊர்வலங்களுக்கு அந்த இருநூறு அடி சற்று எளிதாயிற்று. கல்லறைத் தோட்டத்தின் மூலை மட்டும் இன்னும் மூலையாகவே இருக்கிறது. அங்கே முதல் அடி வைக்கப்படவில்லை.

நல்ல தடமும் கவனிப்பாரின்றி மறைந்துபோகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லில்லேஹாம்மர் வழியாகவே நிடாரோஸ் பேராலயத்திலுள்ள புனித ஒலாவின் கல்லறைக்குப் பண்டைத் திருப்பயணிகள் நடந்து சென்றனர். 1537இல் அந்நாடு உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்த பின் அந்நடை நின்றது. தடத்தைப் புல் மூடியது. நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1997இல், பழைய வழியைத் தேடிக் கண்டெடுத்துக் குறிகள் நட்டு மறுபடியும் திறந்தனர். இன்று பல சபையினரும், சமயமே இல்லை என்போரும் அதில் நடக்கின்றனர். ஒரு தலைமுறை நடக்காமல் விட்டால் வழி மூடும். நடக்க ஒருவர் முன்வந்தால் மூடிய வழியும் திறக்கும்.

நம் வேளாங்கண்ணி நடைப்பயணிகளுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. அவர்கள் செல்லும் சாலையோரங்களில் நீர்மோர்ப் பந்தல் வைத்து, காலில் கொப்புளம் கண்டவர்க்கு மருந்திட்டு, இரவில் திண்ணையைத் திறந்துவிடும் இந்து, இசுலாமிய அன்பர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் நம் பயணத்தில் வருவதில்லை. ஆனால் நம் வழியைப் பேணுகிறார்கள். அப்படிப் பேணப்பட்ட வழியில் நடந்து அன்னையின் பாதம் தொட்டுத் திரும்பும் நாம், நம் ஊர்த் தெருவில் ஒருவர் நடப்பதைத் தடுப்போமானால், அந்த நூறு கிலோமீட்டரும் நாம் நடக்கவே இல்லை என்றுதான் பொருள்.

சென்ற ஆவணியில் பாலத்தின் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்தபோது, கைப்பிடிச் சுவரருகே சற்று நின்று கீழே பார்த்தோம். ஒருபுறம் நீர், மறுபுறம் ஈரமணல். அதில் எந்தத் தடமும் இல்லை. பாலம் வந்தபின் அங்கே யார் இறங்கப்போகிறார்கள்? நம்மோடு வந்த சிறுவன் ஒருவன், “இதுக்கு முன்னாடி எப்படிப் போவாங்க?” என்று கேட்டான். கழியோடு இறங்கிய மனிதரைப் பற்றி அவனுக்குச் சொன்னோம். “அவரு பேரு என்ன?” என்றான். தெரியாது என்றோம். அவன் சற்று நேரம் மணலையே பார்த்தான். பிறகு, பின்னே காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்த ஒரு பாட்டியிடம் சென்று, அவர் தோளில் தொங்கிய பையை வாங்கிக்கொண்டு நடந்தான்.